பொட்டில் தொடங்கும் சொற்கள்

கமலேஸ்வரியோடு கதைக்கிறவர்கள் வசனத்தை முடிக்கத் தேவையில்லை. அதை அவளே முடித்துவிடுவாள். "நேற்றுக் கடைக்குப் போனன், அங்கை பாத்தா..." என்று நீங்கள் தொடங்கினால், "வெண்டிக்காய் முத்தல், அதுதானே?" என்று கேட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குத் தாவிவிடுவாள். பாதி நேரம் அவள் சொல்வது சரியாகவே இருக்கும். மீதி நேரத்தில், என்ன சொல்ல வந்தோம் என்பது சொல்ல வந்தவருக்கே மறந்துபோயிருக்கும். அவளுடைய கணவர் ஸ்ரீஸ்கந்தராஜா ஹீத்ரோ விமான நிலையத்தில் பொதி ஏற்றுகிறவர். கல்யாணமான புதிதில் இரண்டொரு தடவை முழு வசனம் பேசிப் பார்த்தார். பிறகு மனுசன் அந்த ஆசையை விட்டுவிட்டார்.

அதற்காக அவளைப் பொல்லாதவள் என்று நினைத்துவிடக் கூடாது. லண்டன் கோலியர்ஸ் வுட்டில் எந்தத் தமிழ் வீட்டில் ஆஸ்பத்திரி, கவுன்சில், வீசா என்று ஒரு கரைச்சல் வந்தாலும் முதல் ஆளாக வந்து நிற்பவள் அவள்தான். அந்த அவசரம் சும்மா வந்த குணமும் இல்லை. தொண்ணூறுகளில் கரவெட்டியில் இருந்து புறப்பட்டு, கொழும்பிலும் மொஸ்கோவிலும் மாதக்கணக்கில் ஒளிந்து கிடந்து லண்டன் வந்து சேர்ந்தவள். அந்தப் பாதையில், கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் வாயைத் திறக்குமுன்பே அவன் என்ன சொல்லப் போகிறான் என்று ஊகித்தவர்கள் தப்பினார்கள். முழுவதையும் கேட்டுவிட்டு எழும்பலாம் என்று இருந்தவர்களில் சிலர் இன்னும் வந்து சேரவில்லை.

இங்கே வந்து ஹோட்டல் அறைகள் துடைத்தாள், பள்ளிக்கூடச் சமையலறையில் நின்றாள், கடைசியில் வயோதிபர்களை அவர்களின் வீட்டுக்கே போய்ப் பராமரிக்கும் வேலையில் நிலைத்தாள். அதில் அவளுக்கு நல்ல பெயர். கேட்குமுன்பே தண்ணீர் வரும். நோகுமுன்பே தலையணை மாறும். வாய் பேச முடியாதவர்களை அவளிடம் அனுப்பினால் கவலையில்லை என்று பராமரிப்பு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியில் சொல்வார்கள். அப்படித்தான் மிஸ்டர் லாவ் அவளிடம் வந்தார்.

லாவ் ஹொங்கொங்கில் இருந்து வந்து லண்டன் சீன உணவகங்களில் நாற்பது வருசம் சமைத்த மனிதர். எண்பதைத் தாண்டியவர். மனைவி இறந்தபின் கோலியர்ஸ் வுட் நிலையத்துக்குப் பின்னால் மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். கோடையில் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. நாக்கும் தொண்டையும் பேச்சுக்கு உதவாமல் போயின. ஆனால் மூளையில் மொழி இருக்கிற பகுதி தப்பிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சொல்ல வேண்டியதெல்லாம் உள்ளே தெளிவாக இருக்கிறது, வெளியே வர வழி இல்லை. தலை எப்போதும் ஒரு நடுக்கத்தில் ஆடிக்கொண்டிருந்ததால், அது ஆமென்று ஆடுகிறதா இல்லையென்று ஆடுகிறதா என்றுகூடப் பிரிக்க முடியாது. கண்ணைக் கொஞ்சநேரம் மூடினால் ஆம் என்று எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் ஒரு ஏற்பாடு சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

காலையிலும் மாலையிலும் கமலேஸ்வரி போவாள். மதியத்துக்கு வேறொருத்தி, அவளும் வாராவாரம் மாறுவாள். மாலை ஷிப்ட் முடிந்து கமலேஸ்வரி கதவைப் பூட்டி, வாசலில் இருக்கும் சின்ன இரும்புப் பெட்டிக்குள் சாவியைப் போட்டாள் என்றால், அந்தக் கதவு பிறகு திறப்பது மறுநாள் காலையில்தான்.

அவரைப் பேச வைக்க வழி கண்டது மகன் வின்ஸ்டன். பர்மிங்ஹாமில் இருக்கிறான், சனிக்கிழமைகளில் வருவான். இங்கே பிறந்தவன் என்பதால் கான்டனீஸ் வீட்டில் பேசுகிற அளவுக்குத் தெரியும், எழுத்து ஏதோ பத்திருபதுதான் தெரியும். அப்பாவின் பழைய போனில் சீன எழுத்து எழுதுவதற்கு ஐந்தே ஐந்து பொத்தான்கள் இருந்ததைக் காட்டினான். சீன எழுத்து எத்தனை ஆயிரம் இருந்தாலும், படுக்கைக் கோடு, நிமிர்ந்த கோடு, சாய்ந்த கோடு, பொட்டு, மடிந்த கோடு என்று ஐந்து வகைக் கீறலில் எல்லாம் அடங்கிவிடும். அவற்றை எழுதுகிற வரிசையில் அழுத்திக்கொண்டு போனால் எழுத்து வந்துவிடும். சில அகராதிகளிலும் எழுத்துகளை இந்த முதற்கீறலைப் பார்த்துத்தான் கூட்டம் கூட்டமாகப் பிரித்து வைத்திருப்பார்களாம்.

"பொட்டு என்பது தனியாக ஒரு சொல் இல்லை. தூரிகையால் ஒரு தொடு, அவ்வளவுதான். ஆனால் பொட்டில் தொடங்குகிற எழுத்துகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அதனால் கடைசிக் கீறல்வரை..." என்று வின்ஸ்டன் சொல்லிக்கொண்டிருந்தபோதே, "விளங்குது, விளங்குது" என்று கமலேஸ்வரி எழும்பி, கோர்ன்ஃபிளேக்ஸ் பெட்டியை வெட்டி அட்டையில் ஐந்து கட்டம் கீறத் தொடங்கிவிட்டாள்.

அட்டை நல்ல யோசனைதான், அதைக் குறைசொல்ல முடியாது. லாவின் இடக்கையில் பிடி இருந்தது, ஆனால் தொட்டுக் காட்டச் சுட்டுவிரல் மட்டும்தான் சொன்னபடி கேட்கும். போன் பொத்தானை அழுத்தினால் விரல் நடுங்கி இரண்டு பொத்தானில் விழும். பெரிய கட்டங்கள் என்றால் பிசகில்லை. அவர் கட்டத்தைத் தட்ட, பக்கத்தில் இருக்கிறவர் அதே கீறலைப் போனில் அழுத்த வேண்டும். போன் எழுத்தைக் காட்டும். அதையே ஆங்கிலத்திலும் சொல்லும். முதல் நாள் வின்ஸ்டன் போனை வைத்திருக்க, லாவ் வியர்த்து வியர்த்து, பொட்டு, பொட்டு, மடிப்பு என்று தொடங்கி ஒரு முழு எழுத்தைத் தட்டி முடித்தார். வீடு என்று வந்தது. ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. வின்ஸ்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கமலேஸ்வரி அழுதேவிட்டாள்.

இனித்தான் கதை கோணலாகிறது. போன் என்பதும் கமலேஸ்வரியைப் போல ஒரு சாமான், வசனத்தை முடிக்க விடாது. முதற்கீறலை அழுத்தியதுமே, இதுவா அதுவா என்று நாலைந்து எழுத்தை நீட்டும். நாம் எதைத் தெரிந்தெடுக்கிறோமோ அதை நினைவில் வைத்து, அடுத்த தடவை முன்னுக்குக் கொண்டுவரும். லாவ் மறுநாள் பொட்டைத் தட்டினார். போன் நீட்டிய எழுத்துகளில் நேற்றுப் பார்த்து அழுத அதே எழுத்து இருந்தது. கமலேஸ்வரி அதைத் தெரிந்தெடுத்தாள். இரண்டு நாளில் அது வரிசையின் முதலிடத்துக்கு வந்துவிட்டது. ஒரு வாரத்தில், லாவ் பொட்டைத் தொட்டால் போதும், "வீடு" என்று போன் சொல்லும்.

"ஓம் ஐயா, வீடு. உங்கட வீடுதான். ஆர் உங்களை இஞ்சை இருந்து கிளப்புறது எண்டு ஒருக்காப் பாப்பம்" என்பாள் கமலேஸ்வரி. லாவுக்குத் தமிழ் தெரியாது. அது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

லாவ் கண்ணை மூடுவார். அது ஆம் என்பதுதானே ஏற்பாடு. அவள் போர்வையை இழுத்துவிடுவாள்.

நாள் போகப் போக அவருடைய தட்டல் கூடியது. அதுவும் மாலையில்தான். அவள் கோட்டை எடுத்ததும் அட்டை இல்லாமலே கட்டில் கம்பியில் விரலால் ஒரு தட்டு. அவள் கிட்ட வந்தால் அவளுடைய மணிக்கட்டில் ஒரு தட்டு. ஒரு நாள் அவளுடைய சட்டைக்கையைப் பிடித்தவர் விடவில்லை. எண்பது தாண்டிய, பாதி உடம்பு செத்த மனுசருக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துவிட்டு, "தெரியும் ஐயா, எனக்குத் தெரியும்" என்று தலையைத் தடவினாள். பஸ்ஸில் வரும்போது கண் கலங்கியது. வீட்டைவிட்டு அனுப்பிவிடுவார்களோ என்று இந்த மனுசன் எவ்வளவு ஏங்குகிறார் என்று நினைத்தாள்.

அனுப்பும் பேச்சு நிசமாகவே தொடங்கியிருந்தது. மார்கழி பிறந்ததும் வின்ஸ்டன் சொன்னான். அவன் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு பராமரிப்பு இல்லம், இரவு பகலாகத் தாதிமார், இரண்டு பேர் கான்டனீஸ் பேசுகிறவர்கள், ஒரு அறை காலியாக இருக்கிறது.

"அப்பா வரமாட்டார்" என்றாள் கமலேஸ்வரி. "ஒவ்வொரு நாளும் வீடு வீடு என்றுதான் சொல்கிறார்."

"எனக்கும் அதைத்தான் சொல்கிறார்" என்றான் வின்ஸ்டன். "போன சனிக்கிழமை கேட்டேன். என்னோடு வருகிறீர்களா என்றேன், கண்ணை மூடினார். இங்கேயே இருக்கிறீர்களா என்றேன், அதற்கும் மூடினார். அவருக்கு விளங்குகிறதா என்றே எனக்குத் தெரியவில்லை, கமலா. மூளையும் போய்க்கொண்டிருக்கிறதோ என்று பயமாக இருக்கிறது."

"மூளைக்கு ஒன்றுமில்லை!" அவள் கத்திவிட்டாள். "உங்களுக்கு அவரைக் கொண்டுபோய் எங்காவது போட வேண்டும். அதுதானே?"

அடுத்த நாள் ஏஜென்சியில் இருந்து எமில்டா போன் பண்ணினாள். எமில்டா மன்னாரில் இருந்து வந்த பிள்ளை, கமலேஸ்வரிக்கு மேலதிகாரி, ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"அக்கா, மகன்காரன் முறைப்பாடு ஒண்டும் குடுக்கேல்லை. ஆனா மனவருத்தப்பட்டவர். உங்கட வேலை குளிப்பாட்டுறது, சாப்பாடு குடுக்கிறது. அவருக்காக நீங்கள் கதைக்கப் போகாதேங்கோ."

"நான் கதைக்கேல்லை எமில்டா. அவர் சொல்லுறதைத்தான் சொல்லுறன்."

"அதைத்தான் கவுன்சில் பாக்கப் போகுது. வியாழக்கிழமை ஆக்கள் வருகினம். அவருக்குத் தெளிவு இருந்தா அவர் சொல்லுறதுதான் முடிவு. தெளிவு இல்லையெண்டா மகனும் கவுன்சிலும் சேந்து முடிவெடுப்பினம். அவ்வளவுதான்."

வியாழக்கிழமைவரை கமலேஸ்வரிக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கு வேலை போகும் என்ற பயம் இல்லை, லண்டனில் வயோதிபர்களுக்கா பஞ்சம். அந்த மனுசர் அன்றைக்குப் பார்த்துக் களைத்து விரலைத் தொங்கப்போட்டுவிட்டால், ஒன்றும் விளங்காதவர் என்று முடிவெழுதி, சாமான் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களே என்பதுதான் அவளைத் தின்றது. காலையும் மாலையும் அட்டையை மடியில் வைத்துப் பழக்கினாள். "எங்கை, சொல்லுங்கோ பாப்பம். பொட்டு, பொட்டு, மடிப்பு." லாவ் அட்டையைப் பார்ப்பார். அவளைப் பார்ப்பார். கண்ணை மூடிக்கொள்வார்.

புதன்கிழமை இரவுச் சாப்பாட்டில் ஸ்ரீஸ்கந்தராஜா வழக்கத்துக்கு மாறாக வாயைத் திறந்தார். "இஞ்சேர், அந்த மனுசன் ராவிலை..."

"ராவிலையும் வீட்டை நினைச்சுத்தான் அழுவார். எனக்குத் தெரியாதே" என்றாள் அவள்.

அவர் சொதியை ஊற்றிக்கொண்டார்.

வியாழன் பிற்பகல் வந்தவர்கள் இரண்டு பேர். ரேச்சல் என்ற கவுன்சில் அலுவலர், மெல்லிய குரல், நனைந்த குடை. மற்றது மிஸ் ஹோ, கான்டனீஸ் மொழிபெயர்ப்பாளர், அறுபது வயதிருக்கும். வின்ஸ்டன் ஜன்னலோரம் நின்றான். கமலேஸ்வரி லாவுக்கு நல்ல சட்டை போட்டு, தலை வாரி, சக்கர நாற்காலியில் நிமிர்த்தி உட்காரவைத்திருந்தாள்.

அட்டையை ரேச்சல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதை நீங்களா செய்தீர்கள்? மிக நல்லது" என்றாள். பிறகு, "இன்றைக்கு மட்டும் நீங்கள் உதவி செய்யக் கூடாது. பக்கத்தில் இருங்கள், அது அவருக்கு ஆறுதல். ஆனால் பேச வேண்டாம்" என்றாள்.

மிஸ் ஹோ போனை வேண்டாமென்றாள். கைப்பையில் இருந்து தடித்த பேனாவும் வெள்ளைத் தாளும் எடுத்தாள். அவர் தட்டத் தட்டத் தானே ஒவ்வொரு கீறலாக எழுதுவதாகச் சொன்னாள். கண் மூடுவது களைப்பாலும் வரும், அதனால் அது கணக்கில் இல்லை. சரியென்றால் அவர் தன் கையை அழுத்தட்டும், பிழையென்றால் அட்டையைத் துடைப்பதுபோல விரலை இழுக்கட்டும். இதை அவள் லாவிடம் கான்டனீஸில் சொன்னபோது அவர் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை அழுத்தினார். மிஸ் ஹோவுக்கே வலித்திருக்க வேண்டும், புருவம் சுருங்கியது.

"நீங்கள் எங்கே இருக்க விரும்புகிறீர்கள்? ஏன்? உங்கள் சொல்லிலேயே சொல்லுங்கள். அவசரமில்லை" என்றாள் ரேச்சல். மிஸ் ஹோ அதை மொழிபெயர்த்தாள்.

விரல் எழும்பியது. நடுங்கியது. அட்டையின் மேல் அலைந்து, பொட்டில் விழுந்தது.

"வீடு!" என்றாள் கமலேஸ்வரி. வாய் தானாகத் திறந்துவிட்டது. ரேச்சல் கையை மெல்ல உயர்த்தினாள். கமலேஸ்வரி உதட்டைக் கடித்தாள்.

அடுத்தது பொட்டுத்தான் வர வேண்டும். விரல் படுக்கைக் கோட்டுக்குப் போனது. பிசகிவிட்டது என்று அவள் பதறினாள். இல்லை, இல்லை, ஐயா, பொட்டு. அவர் துடைக்கவில்லை. சாய்ந்த கோட்டைத் தட்டினார், பிறகு நிமிர்ந்த கோட்டை. எல்லாம் குழம்புகிறது. மூன்று நாளாகப் பழக்கியும், பாவி மனுசர் இன்றைக்கென்று பார்த்துக் குழம்புகிறார். ரேச்சலின் பேனா எதையோ குறித்தது. முடிந்தது என்று கமலேஸ்வரிக்குத் தோன்றியது.

"அவர் களைத்துவிட்டார்" என்றாள் தாங்க மாட்டாமல். "அவர் சொல்ல வருவது..."

"அவர் சொல்லட்டும், கமலா. தயவுசெய்து" என்றான் வின்ஸ்டன்.

லாவின் நெற்றியில் வியர்வை இறங்கியது. துடைக்கப் போன கையைக் கமலேஸ்வரி இழுத்துக்கொண்டாள். அந்த அறையில் இத்தனை மாதத்தில் அவள் சும்மா இருந்தது அதுதான் முதல் தடவை. கீழே ரயில் ஒன்று நிலத்துக்கடியில் போன அதிர்வில் அலமாரியில் கோப்பை சலசலத்தது. விரல் மறுபடி பொட்டுக்கு வந்தது, நின்றது. மிஸ் ஹோ எழுதிய எழுத்தை அவருக்குக் காட்டினாள். அவர் அவளுடைய கையை அழுத்தினார்.

"இரவு" என்றாள் மிஸ் ஹோ.

இரண்டாவது எழுத்தும் பொட்டில் தொடங்கியது. பிறகு இன்னொரு பொட்டு. இதோ வருகிறது, இதோ, மடிப்பு, மடிப்பு என்று கமலேஸ்வரி மனசுக்குள் மன்றாடினாள். விரல் மடிப்பின் மேலால் போய் நிமிர்ந்த கோட்டில் இறங்கியது. அங்கிருந்து மேலும் மேலும் போனது. தாளில் எழுத்து முடியுமுன்பே மிஸ் ஹோவின் முகம் மாறிவிட்டது. ஆனால் அவள் சொல்லவில்லை. கடைசிக் கீறல்வரை எழுதி, காட்டி, கை அழுத்தப்படும்வரை காத்திருந்தாள்.

"பயம்" என்றாள்.

அதன்பிறகு அவர் நிறுத்தவில்லை. மடை திறந்தது போல என்று சொல்ல ஆசைதான், ஆனால் அது அப்படி வரவில்லை. ஒவ்வொரு சொல்லும் மலையில் கல் ஏற்றுவதுபோல வந்தது. ஜன்னலுக்கு வெளியே இருட்டத் தொடங்கியது. தாள்கள் மேசையில் சேர்ந்தன. எல்லாம் முடிந்து அவர் விரலை மடியில் போட்டபோது, மிஸ் ஹோ தாள்களை வரிசைப்படுத்தி வாசித்தாள்.

"இரவில் தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது. ஒரு நாள் தொண்டையில் சளி அடைத்து மூச்சு வரவில்லை. கூப்பிடக் குரல் இல்லை. விடியும்வரை சாகப்போகிறேன் என்று கிடந்தேன். மகனிடம் போக வேண்டும்." அவள் கடைசித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் கமலேஸ்வரியைப் பார்த்தாள். மொழிபெயர்ப்பாளர் எதையும் மறைக்கக் கூடாது. "இந்தப் பெண்ணிடம் ஒவ்வொரு நாளும் சொன்னேன்."

வின்ஸ்டன் தரையில் உட்கார்ந்து அப்பாவின் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டான். ரேச்சல் எதுவோ சொன்னாள். அவருக்குத் தெளிவு முழுக்க இருக்கிறது, முடிவு அவருடையது, இல்லத்தில் அறை கிடைக்கும்வரை மகன் இரவில் இங்கே தங்குவார் என்பதுதான் அது. கமலேஸ்வரி சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். சட்டைக்கையைப் பிடித்துக்கொண்ட விரல்களைத் தான் ஒவ்வொன்றாக விடுவித்தது நினைவுக்கு வந்தது. மூச்சு அடைத்தவர் ஒருவர் விடிய விடியக் கிடந்து, காலையில் வந்தவளிடம் சொல்ல விரலைத் தூக்கியிருக்கிறார். அவள் என்ன சொல்லியிருப்பாள்? உங்கட வீடுதான் ஐயா என்று சிரித்திருப்பாள்.

ரேச்சல் பின்னால் வந்தாள். "உங்கள் அட்டை இல்லாவிட்டால் இதுவும் தெரிந்திருக்காது" என்றாள். நல்ல பெண், ஆறுதலுக்குச் சொன்னாள்.

"எனக்குச் சொன்னவர்" என்றாள் கமலேஸ்வரி. ஆங்கிலம் வரவில்லை, தமிழில்தான் வந்தது. "நான்தான் கேக்கேல்லை." ரேச்சலுக்கு அது விளங்கியிருக்காது. ஆனாலும் கொஞ்சநேரம் கூடவே நின்றுவிட்டுப் போனாள்.

வந்தவர்கள் போனபிறகும் மாலை வேலை இருந்தது. கமலேஸ்வரி அதை ஒரு வார்த்தை பேசாமல் செய்தாள். கஞ்சி பருக்கினாள், முகம் துடைத்தாள், வின்ஸ்டனின் உதவியோடு கட்டிலில் படுக்கவைத்தாள். லாவ் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபமான பார்வையாக இருந்திருந்தால் அவளுக்கு இலகுவாக இருந்திருக்கும். அது வெறும் பார்வை, எப்போதும் பார்க்கிற பார்வைதான். அவளால் அதை நிமிர்ந்து சந்திக்க முடியவில்லை. வின்ஸ்டன் ஹோலில் சோபாவை விரித்துப் படுக்கை போடப் போனான். போர்வையைச் சரிசெய்து, கோட்டை மாட்டி, கதவடிச் சுவிட்சில் அவள் கையை வைத்தாள்.

கட்டில் கம்பியில் ஒரு தட்டு.

அவள் நின்றாள். கால் தானாகத் திரும்பியது. வாயில் ஏதோ சொல் வந்தது, விழுங்கிக்கொண்டாள். "வின்ஸ்டன்" என்று கூப்பிட்டாள். அவன் வந்ததும் அட்டையை எடுத்து லாவின் கைக்குக் கீழே வைத்தாள். போனை அவனிடம் கொடுத்தாள்.

பொட்டு. போன் உடனே எழுத்துகளை நீட்டியது. முதலில் நின்றது வீடுதான். வின்ஸ்டனின் விரல் தன்னையறியாமல் அதற்குப் போக, கமலேஸ்வரி அவனுடைய மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிய நன்றாகவே பிடித்தாள்.

"முடிக்கட்டும்" என்றாள்.

சாய்வு. இன்னொரு சாய்வு. பிறகு பொட்டு. அந்த எழுத்து நீளமானது. நடுவில் லாவ் இரண்டு தடவை களைத்து நின்றார். இரண்டு தடவையும் அவர்கள் பேசாமல் இருந்தார்கள். பிற்பகல் முழுதும் பேசிக் களைத்த மனுசர், பக்கத்தில் மகன் படுக்கப் போகிறான், பயமும் தீர்ந்தது, இன்னும் எதைச் சொல்ல இத்தனை பாடு என்று கமலேஸ்வரியால் ஊகிக்க முடியவில்லை. ஊகிக்கவும் அவளுக்குத் துணிச்சல் இல்லை. கடைசிக் கீறலைத் தட்டிவிட்டு அவர் விரலை எடுத்தார். போனில் ஒரே ஒரு எழுத்து மட்டும் மிஞ்சியது.

வின்ஸ்டன் அதை ஆங்கிலத்தில் பார்த்தான். புரியாமல் இன்னொரு தடவை பார்த்தான். "விளக்கு என்று இருக்கிறது" என்றான். "வேறொன்றுமில்லை. விளக்கு."

கமலேஸ்வரி சுவிட்சைத் திரும்பிப் பார்த்தாள். அது கதவோரம் இருந்தது. கட்டிலில் இருந்து அவருக்கு எட்டாது. படுக்கப் போகிற மனுசருக்கு லைற் என்னத்துக்கு, அவருடைய கரண்ட் காசாவது மிஞ்சட்டும் என்று நினைத்தவள் அவள். நல்லதென்று நினைத்துத்தான் செய்தாள். எந்த மாலையும் அணைக்க மறந்ததில்லை.

"என்ன சொல்கிறார்?" என்று வின்ஸ்டன் கேட்டான்.

"ஒவ்வொரு நாளும்" என்றாள் அவள் தமிழில், அவனைப் பார்க்காமல் கட்டிலைப் பார்த்து. "ஒவ்வொரு நாளும் நான்தான் ஐயா லைற்றை நூத்துப்போட்டுப் போனனான்."

லாவ் கையை நீட்டினார். அவள் தன் கையைக் கொடுத்தாள். அவர் ஒரு தடவை அழுத்தினார். பிறகு கண்ணை மூடினார். அறையில் வெளிச்சம் இருந்தது. கமலேஸ்வரி கோட்டைக் கழற்றாமலே கட்டிலடியில் உட்கார்ந்து, வின்ஸ்டன் பார்க்கிறான் என்ற வெட்கமும் இல்லாமல், வாய்விட்டு அழுதாள்.